தொகையைச் சொல்வதற்கு முன் சம்பளத்தைக் கேளுங்கள்

மலேசியாவின் கீழ்நிலை நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்களை முடிவு செய்யும் மாஜிஸ்திரேட்டுகளுக்கும் செஷன்ஸ் நீதிபதிகளுக்கும்,

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, 22 வயதுப் பையன் ஒருவன் கூண்டில் நின்று, செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனைப் பழக்குலை) திருடியதாகத் தன்மேல் இருந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டான். கைதான நாளிலிருந்து இரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பானது. அதற்குள் அவன் 63 நாள் உள்ளே இருந்துவிட்டதால் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டான். நீதிமன்றக் கணக்கில் ஒரு வழக்கு முடிந்தது. அது முடிந்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று காலை விலங்கு மாட்டி அவனை அழைத்து வந்தபோது நடைபாதையில் அரை நிமிடம் பேசக் கிடைத்தது. "சார், ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமாமே?" என்று கேட்டான். "நீ எடுத்தியாடா?" என்றேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்" என்றான். நான்காம் ஆண்டில் என்னிடம் படித்தவன். பொய் சொன்னால் காதைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. அன்று கை இரண்டும் விலங்கில் இருந்தன. அவன் எடுத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சாட்சி ஒருவர்கூட விசாரிக்கப்படாததால் இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

நான் கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்துச் சிறுநகரில் 31 ஆண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் மாதம் தவறாமல் அரசாங்க ஓய்வூதியம் வரும் வீடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால், பிள்ளை பிடிபட்டான் என்றால் பெற்றவர்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள், அப்புறம் என் வீட்டுக்கு வருவார்கள். இதுவரை 11 பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் ஜாமீன் கவுண்டர், வங்கி, ஐசி எனும் அடையாள அட்டையின் நகல், ஓய்வூதியச் சீட்டு, வழக்கின் அடுத்த தவணைத் தேதி எழுதிய துண்டுத்தாள் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் மேடையில் இருந்து பார்க்கும் அதே அறையை நான் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தப் பையனின் ஜாமீன் நாளைச் சொல்கிறேன். 18 குலை, ஏறக்குறைய 350 கிலோ, குற்றச்சாட்டில் எழுதிய மதிப்பு 290 ரிங்கிட். குத்தகைக்காரரிடம் தினக்கூலியாக லாரி ஏற்றும் வேலை அவனுக்கு. ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன் என்பது அவன் போலீசில் சொன்னது. தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. சாதாரணத் திருட்டும் நம் நாட்டில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில். நான்கு நாள் லோக்காப்பில் வைத்துவிட்டு ஐந்தாம் நாள் அழைத்து வந்தார்கள்.

வழக்கை நடத்திய அதிகாரி 6,000 ரிங்கிட் கேட்டார். இலவச சட்ட உதவிக்கு வந்திருந்த இளம் வழக்கறிஞர், அன்று காலைதான் பையனை முதன்முறையாகப் பார்த்தவர், 2,000 போதும் என்றார். "4,000, ஒரு பிணையாளர்" என்றார் மாஜிஸ்திரேட். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மூன்று நிமிடத்தில் அவனுக்கு என்ன சம்பளம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் தாயார் பின்னால் நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. இத்தனை ஆண்டில் எத்தனையோ ஜாமீன் மனுக்களைக் கேட்டிருக்கிறேன். "நீ மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாய்?" என்ற கேள்வியை இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மாஜிஸ்திரேட். அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆவது பிரிவை நினைவுபடுத்த அனுமதியுங்கள். ஜாமீன் தொகை, வழக்கின் சூழ்நிலையைக் கருதி, ஆள் நீதிமன்றத்துக்குத் திரும்பி வருவதை உறுதி செய்யும் அளவுக்கு இருக்க வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. 1948-இல் வீ சுவீ சியாங் வழக்கில் சொல்லப்பட்டு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் அம்சங்களில், குற்றம் எவ்வளவு கடுமையானது, ஓடிப்போவானா, சாட்சிகளைக் கலைப்பானா என்பவற்றோடு குற்றம் சாட்டப்பட்டவரின் வசதியும் இருக்கிறது. வெளியே இருந்து தற்காப்புக்குத் தயாராகும் வாய்ப்பும், ஏற்கனவே எவ்வளவு காலம் உள்ளே இருந்தார், இன்னும் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதும் இருக்கின்றன. ஓடிப்போவானா என்பது மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது. வசதி, தற்காப்பு வாய்ப்பு, உள்ளே இருக்கும் காலம் ஆகிய மூன்றும் எங்கள் நீதிமன்றத்தில் வாய்விட்டுப் பேசப்பட்டு நான் கேட்டது அபூர்வம்.

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 4,000 என்றால் முழு மாதமும் வேலை கிடைத்தவனுக்கே இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். இவன் தினக்கூலி. மழை பெய்தால் கூலி இல்லை.

என் பணம் அந்த நேரத்தில் வேறு இரண்டு வழக்குகளில் முடங்கிக் கிடந்தது. ஜாமீன் பணம் வழக்கு முடிந்தால்தான் திரும்பும். ஆகவே நான் நிற்க முடியவில்லை. இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம். தாயாரே நிற்கிறேன் என்று முன்வந்தார். அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு உரியது. இதே தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்தவர், 34 வருடம் இதே தோட்டத்தில் உரம் போட்டவர், பிறப்புப் பத்திரக் கோளாறால் இன்னும் குடியுரிமை கிடைக்காதவர். குடிமக்கள்தான் பிணையாளராக நிற்க முடியும் என்று கவுண்டரில் ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொந்த மகனுக்குத் தாய் பொறுப்பேற்க முடியவில்லை. மூத்த மருமகனின் ஐசி குடிமக்களுக்கான நீலம், ஆனால் அவரிடம் பணம் இல்லை. தாலிச் சங்கிலியை அடகு வைத்ததில் 1,900 கிடைத்தது. மீதிக்கு ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம் போகிறேன் என்றவரை நான்தான் தடுத்தேன். எங்கள் ஊரில் ஜாமீனுக்கு வாங்கிய ஆலோங் கடனுக்காகக் குடும்பமே இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். தடுத்தது சரிதானா என்று இந்த 63 நாளும் யோசித்தேன். தடுத்திராவிட்டால் பையன் அந்த வாரமே வெளியே வந்திருப்பான்.

உயர்நீதிமன்றத்தில் தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாமே என்பீர்கள். வழி இருக்கிறது, அதே 389-ஆவது பிரிவில். ஈப்போவுக்குப் போக வேண்டும், மனுத் தயாரிக்க வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். ஒவ்வொரு சிறிய வழக்குக்கும் அதைச் செய்ய சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? அவர்களை நான் குறை சொல்லவில்லை. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012-இல் இயங்கத் தொடங்குவதற்கு முன்னால், எங்கள் பிள்ளைகளுக்காக அந்த அறையில் எழுந்து நிற்கக்கூட ஆள் கிடையாது. இப்போது ஒருவர் நிற்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் ஐந்து நிமிடம் நடைபாதையில் பேசிவிட்டு உள்ளே வருபவருக்கு, பையனின் குடும்பத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும்?

முகவரி விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அரசுத் தரப்பு அன்று சொன்ன காரணங்களில் ஒன்று, "நிலையான முகவரி இல்லை" என்பது. அவன் ஐசியில் இருப்பது பழைய தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டம் கைமாறி, பிரிவுகள் இணைக்கப்பட்டு, பெயரே மாறிவிட்டது. அவர்கள் இருக்கும் லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) நிர்வாகத்துக்குச் சொந்தம். வாடகை ஒப்பந்தம் கிடையாது, தண்ணீர் பில், மின்சார பில் எதுவும் அவர்கள் பெயரில் வராது. தாத்தா ரப்பர் காலத்தில் வந்து இறங்கிய அதே லயம். கோயில் திருவிழாவில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் உபயம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருக்கும் குடும்பத்தைக் காகிதத்தை மட்டும் பார்த்து முகவரி இல்லாதவர்கள் என்று எழுதினார்கள். நகரத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கொண்டோ மாறுகிறவரிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கும். அவருக்கு நிலையான முகவரி உண்டு. இவன் ஓடிப்போக வேண்டுமென்றால் எங்கே போவான்? பாஸ்போர்ட் கிடையாது. சிங்கப்பூரைக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்கலாம். நான் நின்ற 11 பேரில் ஒன்பது பேரின் வழக்கு முடிந்துவிட்டது. அந்த ஒன்பதில் ஒருவன்தான் ஒரு தவணைக்கு வரவில்லை. அவன் பேரில் வாரண்ட் பிறந்தது, என் பணம் ஏன் பறிமுதல் செய்யப்படக் கூடாது என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. தேடிப் போனால், அவன் ஓடியே போகவில்லை. தவணையை 21-ஆம் தேதி என்று நினைத்து முந்தின வாரம் 12-ஆம் தேதியைத் தவறவிட்டு வீட்டில் இருந்தான். துண்டுத்தாளில் எழுதியிருந்த எழுத்து எனக்கே புரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் முந்தின நாள் நானே போன் செய்கிறேன், காலையில் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போகிறேன். மற்றவர்கள் ஒரு தவணையும் தவறியதில்லை. இது ஒரு கிழவனின் சிறிய கணக்கு, புள்ளிவிவரம் என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களை நீதிமன்றத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது நான் கட்டிய பணம் என்பதைவிட அந்த போனும் காரும்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதே குலை வழக்கில் இன்னொருவரும் இருந்தார். திருட்டுக் குலையை வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வியாபாரி. அவருக்கு 6,000. அவருடைய தம்பி பணத்தோடு வெளியே காத்திருந்தார். வியாபாரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே போய்விட்டார். அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், வழக்கை நடத்துகிறார், இன்றுவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வெளியே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தீர்ப்பு வரும்வரை அவர் நிரபராதி. ஏற்றியதாகச் சொல்லப்பட்டவன் 63 நாள் உள்ளே இருந்து, கடைசியில் வீட்டுக்குப் போவதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வாங்கியதாகச் சொல்லப்பட்டவர் வெளியே இருந்து தன் வழக்கை நடத்துகிறார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் சாட்சியத்தில் இல்லை. தம்பி கையில் இருந்த பணத்தில் இருக்கிறது.

அந்த 63 நாளின் செலவு வழக்குக் கோப்பில் வராது, அதனால் இங்கே எழுதுகிறேன். குத்தகைக்காரர் முதல் வாரமே வேறு ஆளை எடுத்துக்கொண்டார். தாயார் ஆறு தடவை சிறைக்குப் பார்க்கப் போனார். ஒரு தடவைக்கு வேன் வாடகை 120 ரிங்கிட், ஒரு நாள் கூலியும் போச்சு. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டாததால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வந்ததும் ஈப்போவில் பாதுகாவலர் வேலைக்குப் போனான். போலீஸ் பதிவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சாட்சிகளைக் கூப்பிடாமலே வந்த அந்தப் பதிவு இனி அவனோடு இருக்கும்.

திருட்டுக் கொடுத்தவர்களின் வலியும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. இரவில் குலை போனால் அந்த மாதச் செலவு கையைக் கடிக்கும். வழக்குப் போடுங்கள், நிரூபியுங்கள், தண்டியுங்கள், யாரும் தடுக்கவில்லை. எல்லோரையும் அவிழ்த்து விடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. மனைவியை அடித்துக் கையை முறித்தவன் ஒருவனுக்கு ஜாமீன் நிற்கச் சொல்லி அவன் அண்ணன் வந்தபோது, முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அப்படிப்பட்ட வழக்கில் 4,000 கட்டினாலும் 40,000 கட்டினாலும் அந்தப் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? அவள் இருக்கும் லயத்துப் பக்கம் போகக் கூடாது, வாரம் ஒரு தடவை போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனைதான் அவளைக் காக்கும். ஆபத்தானவனிடம் பணம் இருந்தால் வெளியே வந்துவிடுகிறான், ஆபத்தில்லாதவனிடம் பணம் இல்லாததால் உள்ளே கிடக்கிறான். தொகை ஒன்றை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

சில வழக்குகளில் உங்கள் கையே கட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு, ஐந்தாண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஜாமீனே கூடாது என்கிறது. இரசாயன அறிக்கை வரட்டும் என்று தவணை தவணையாகத் தள்ளிப்போகும் அந்த வழக்குகளில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு தீபாவளி, மூன்று தீபாவளி உள்ளேயே கழித்ததைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டமும் அப்படித்தான். 2019 அக்டோபரில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேரை விடுதலைப் புலிகள் தொடர்பு என்று அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவரே எல்லா வழக்குகளையும் மீட்டுக்கொண்டார். இடையில் போன மாதங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? அவை நாடாளுமன்றம் மாற்ற வேண்டிய சட்டங்கள். அதை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் தனியாகக் கேட்பேன். உங்களிடம் கேட்பது உங்கள் கையில் இருப்பதை மட்டும்.

முதல் கோரிக்கை. தொகையைச் சொல்வதற்கு முன், கூண்டில் நிற்பவரிடம் மாதம் எவ்வளவு வருகிறது, யாரை நம்பி வீடு ஓடுகிறது, யார் பிணை நிற்க வந்திருக்கிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். வழக்கறிஞர் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பதிலை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒருவரை ஜாமீனில் விட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவரால் கட்ட முடியாத தொகையை விதிக்கும்போதும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு அது கையில் ஆதாரமாக இருக்கும்.

நிலையான முகவரிக்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம், தமிழ்ப்பள்ளியின் பதிவு, கோயில் நிர்வாகத்தின் கடிதம் இவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெற்றோர் பிணையாளராக முடியாது என்றால், குறைந்தது அவர் வந்து நிற்பதையாவது குடும்பப் பிணைப்புக்குச் சான்றாகக் கணக்கில் எடுங்கள். சிறிய திருட்டு, முதல் குற்றம் என்றால் பணத்துக்குப் பதிலாகப் போலீஸ் நிலையத்தில் வாரக் கையெழுத்து, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, குறிப்பிட்ட இடத்துக்குப் போகத் தடை என்ற நிபந்தனைகளோடு பெயரளவுத் தொகையில் விடுங்கள். இன்னும் கண்காணிப்பு வேண்டும் என்று தோன்றினால் மின்னணுக் கண்காணிப்புக் கருவிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதே.

அடுத்தது, ஜாமீன் கொடுத்தும் பணம் கட்ட முடியாமல் 14 நாளுக்கு மேல் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைச் சிறையிலிருந்து வரவழைத்து, அவர்களின் தொகையை நீங்களாகவே மறுபடி பாருங்கள். தாயோ வழக்கறிஞரோ வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உள்ளே இருப்பவர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்தால், ஜாமீன் தொகை எவ்வளவு, ஏன் கட்டவில்லை, வீட்டுக்குப் போவதற்காக ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பையன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். தவணைத் தேதியையும் நேரத்தையும் புரிகிற எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள், முடிந்தால் முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

வரும் 14-ஆம் தேதி இன்னொரு வழக்கு. 19 வயது, செம்பு வயர் திருட்டு என்கிறார்கள். அவன் அப்பா நேற்று இரவு என் வீட்டுக்கு வந்தார். ஒரு வழக்கில் போட்டிருந்த 2,500 ரிங்கிட் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது, என்னிடம் இருப்பது அவ்வளவுதான். தோட்டத்துக் கடிதத்தையும் பையனின் சம்பளச் சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடைசி பெஞ்சில் இருப்பேன். அவனிடம் என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
கீழ்ப் பேராக்